வேலிக்குக் கீழே

காத்தான்குடி
3.11.1937

மருமகன் உசனார் அவர்களுக்கு மாமா முகைதீன்பாவா ஸலாம் சொல்லி எழுதுவது.

நீங்கள் பதுளைக்குப் பஸ் ஏறிய நாள் முதல் இந்தக் கடிதத்தைத் தொடங்குவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். கிழித்த தாளெல்லாம் அடுப்புக்குப் போகிறது. "நீங்க எழுதி ஆருக்கும் பிரயோசனம் எண்டா அது இந்த அடுப்புக்குத்தான்" என்கிறாள் உங்கள் மாமி. ஐந்தாம் வகுப்போடு தறியில் உட்கார்ந்தவன் நான். நூல் அறுந்தால் முடிச்சுப் போட்டுக்கொள்வேன். எழுத்து அறுந்தால் என்ன செய்வதென்று தெரியவில்லை.

பேரன் சாலிஹுடைய நாற்பதாம் நாள் கத்தம் ஓத வந்த சனம் கலைந்து, பாத்திரம் கழுவி முடியுமுன்னே நீங்கள் பெட்டியைத் தூக்கிவிட்டீர்கள். வேலி வாசலில், கடப்படியில் நின்று சொன்ன சொல் உங்களுக்கு நினைவிருக்கிறதோ என்னவோ, எனக்கு இருக்கிறது. "இந்த வளவுக்குள்ள இனி என்ட புள்ளைய விட்டு வைக்கமாட்டன். ஜெமீலாவையும் சின்னவளையும் பதுளைக்குக் கூப்பிடுவன்." நான் கரையில் போட்ட மீன் மாதிரி வாயைத் திறந்து மூடினேன். சொல் இப்போது வருகிறது.

நம் ஊரில் எந்தப் பெண்பிள்ளை மாப்பிள்ளைக்குப் பின்னால் பெட்டி தூக்கிப் போயிருக்கிறாள்? மாப்பிள்ளைதானே பெண் வீட்டுக்கு வருகிறவர். பெண்பிள்ளைகளைப் பெற்ற ஒருவன் வீடு கட்டத்தான் பிறக்கிறான். கட்டி முடித்ததும் மூலையில் ஒரு கொட்டிலுக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறான். மூத்தவள் ஜெமீலாவுக்குக் கட்டினேன், பிறகு வீட்டுக் காணியை, இந்த வளவைப் பிரித்து இளையவள் நஸீறாவுக்குக் கட்டினேன். இப்போது நானும் உங்கள் மாமியும் தறிக்கொட்டிலில் தறிக்குப் பக்கத்தில் படுக்கிறோம். இரவில் புரண்டால் கால் தறிக்குழிக்குள் இறங்கி மிதிபலகையில் படும். சத்தம் கேட்டு அவள், "நித்திரையிலயும் நெசவா" என்பாள்.

நெருப்புக் காய்ச்சல் ஒரு வீட்டுக்கு மட்டும் வந்ததில்லை, மருமகன். ஊருக்குள் அங்கங்கே கிடந்தார்கள். சிலர் எழும்பினார்கள். நம் சாலிஹ் எழும்பவில்லை. தந்தி கிடைத்து நீங்கள் வந்து இறங்குகையில் அடக்கம் முடிந்திருந்தது. அந்தக் கோபம் உங்களுக்கு இருக்கும். ஆனால் வீடு என்ன செய்யும்? நாலு வயதுப் பிள்ளையைக் கொண்டுபோனது வீடு அல்ல.

நோன்பு பிறக்கப் போகிறது. நோன்பு திறக்கவாவது வந்துவிடுங்கள். ஜெமீலா சின்னவளை மடியில் வைத்துக்கொண்டு கடப்பைப் பார்த்தபடி இருக்கிறாள்.

முகைதீன்பாவா


பதுளை
14.11.1937

மாமாவுக்கு ஸலாம்.

அடக்கத்துக்காக நான் கோபிக்கவில்லை. மையித்தை அடக்காமல் வைத்திருக்க முடியாது என்று எனக்கும் தெரியும்.

எங்கள் கடைக்குத் துணி எடுக்க வரும் ஆஸ்பத்திரி அப்போதிக்கரி ஒருவரிடம் சாலிஹைப் பற்றிச் சொன்னேன். நெருப்புக் காய்ச்சல், இங்கிலீசில் டைபாய்ட், காற்றில் வருவதில்லை என்றார். காய்ச்சல்காரரின் மலம் எப்படியாவது தண்ணீரிலோ சோற்றிலோ கலந்து வாய்க்குள் போனால்தான் வரும் என்றார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார். "உங்கள் வீட்டுக் கிணறு எங்கே, கக்கூஸ் எங்கே?"

பதில் சொல்லத் தொடங்கினேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.

நஸீறாவின் கலியாணத்துக்கு நீங்கள் தோண்டிய குழிக் கக்கூஸ் இரண்டு வளவுக்கும் நடுவிலுள்ள வேலியோடு நிற்கிறது. கிணறும் அதே வேலியோடு நிற்கிறது. நீங்கள் ஒரு முறை போய் இரண்டுக்கும் நடுவில் நின்று பாருங்கள்.

சின்னவள் ஆமினா பால் மறந்து தண்ணீர் குடிக்கத் தொடங்குகிற வயதில் இருக்கிறாள். அதனால்தான் அவசரப்படுகிறேன். சீதன வீட்டின் உறுதிப் பத்திரம் உங்களிடமே இருக்கட்டும். வீடு எனக்கு வேண்டாம். என் மனைவியையும் பிள்ளையையும் அனுப்புங்கள்.

உசனார்


காத்தான்குடி
24.11.1937

மருமகனுக்கு ஸலாம்.

நடுவில் நின்று பார்த்தேன். நோன்பு வயிற்றோடு நின்றதில் தலை சுற்றியது, வேறொன்றும் தெரியவில்லை.

அந்தக் கக்கூஸைப் பற்றி இப்படி எழுதலாமா? நம் குறிச்சித் தெருக்களிலேயே முதலாவது கக்கூஸ் அது. அடி கழற்றிய தார்ப்பீப்பாக்களை ஒன்றின்மேல் ஒன்றாக இறக்கி நானே இருந்து செய்வித்தேன். நஸீறாவைப் பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளை அப்துல் கபூரின் உம்மா வீட்டுக்கு மேல் கேட்ட ஒரே சீதனம் அதுதானே. "எங்கட வீட்டுல மகன் காட்டுக்குப் போய்ப் பழகல்ல" என்றாள். கலியாணத்துக்கு வந்த பெண்கள் மணப்பெண்ணைப் பார்த்ததைவிட அதை எட்டிப் பார்த்ததுதான் அதிகம். எனக்கும் கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. சனம் இடுப்பில் உடுக்க நான் நெய்த சாறனை இதுவரை யாரும் அப்படி எட்டிப் பார்த்ததில்லை.

சுகாதார இன்ஸ்பெக்டர் ஐயா அப்போது வந்து, கிணற்றில் இருந்து குழி தூரமாக இருக்கவேண்டும் என்றுதான் சொன்னார். நானும் தலையாட்டினேன். அவர் போனபிறகு யோசித்தேன். குழி நஸீறாவின் வளவில். கிணறு ஜெமீலாவின் வளவில். இடையில் வேலி. உறுதியில் வேறு வேறு காணி. இதைவிடத் தூரம் என்ன இருக்கிறது? நஸீறா வேலியில் விட்ட இடைவெளிப் பொட்டால் புகுந்து வந்து அதே கிணற்றில்தானே தண்ணீர் அள்ளுகிறாள். அவளுக்கு ஒன்றும் இல்லையே. ஓம், உண்மைதான், புது மருமகன் கபூர் ஆடியில் காய்ச்சலில் கிடந்தார். அவர் எழும்பிக் கடைக்கும் போகிறார்.

ஜெமீலாவிடம் உங்கள் கடிதத்தை வாசித்தேன். "நான் போறல்ல வாப்பா" என்றாள். ஏன் என்று கேட்டேன். "இஞ்ச இருந்தா அவன் விளையாடின இடமாவது இரிக்கி. அங்க என்ன இரிக்கி?" என்றாள். இதற்கு நீங்களே பதில் எழுதுங்கள்.

மழை விடவில்லை. தெரு ஒழுங்கையெல்லாம் தண்ணீர். பெருநாள் ஓடருக்குச் சிவப்பு நூல் தோய்த்துவிட்டு மிஞ்சிய சாயத்தண்ணீரை வழக்கம்போல ஒழுங்கையில் ஊற்றினேன். முன்வீட்டுக் கிழவி சண்டைக்கு வந்துவிட்டாள். "முகைதீன்பாவா, ஊர்ப் புள்ளைகள்ற காலுக்கெல்லாம் நீ மருதோன்றி போட்டு உட்டிருக்காய்" என்றாள். பார்த்தால் உண்மைதான், பிள்ளைகளின் பாதமெல்லாம் சிவப்பு. அதனால் இப்போது சாயத்தண்ணீரை நஸீறாவின் குழியில் ஊற்றிவிடுகிறேன். கக்கூஸால் இப்படியும் ஒரு நன்மை, பாருங்கள்.

பெருநாளுக்கு வாருங்கள்.

முகைதீன்பாவா


பதுளை
10.12.1937

மாமாவுக்கு ஸலாம்.

பெருநாளுக்கு நான் வரவில்லை. வந்திருந்தால் சண்டை பிடித்திருப்பேன். பெருநாளில் வேண்டாம் என்று நினைத்தேன்.

உங்கள் கடிதத்தில் ஓர் இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அப்துல் கபூர் ஆடியில் காய்ச்சலில் கிடந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது இதுவரை தெரியாது. அவருக்கு வந்தது என்ன காய்ச்சல்? கிடந்த நாளெல்லாம் அந்தக் கக்கூஸைத்தான் பாவித்தாரா? சாலிஹ் படுத்தது அதற்குப் பிறகு, ஆவணிக் கடைசியில்.

சண்டைக்காகக் கேட்கவில்லை. எனக்குத் தெரியவேண்டும்.

லொறியில் ஒரு பெரிய கேத்தல் அனுப்பியிருக்கிறேன். ஆமினாவுக்குக் கொடுக்கிற ஒவ்வொரு சொட்டையும் கொதிக்கவைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். நீங்களும் எல்லோரும் அப்படியே குடியுங்கள். சிரிக்கவேண்டாம்.

அங்க என்ன இருக்கு என்று ஜெமீலா கேட்டாளே, இங்கேயும் சாலிஹுடையது ஒன்று இருந்தது. போன வருடப் பெருநாளுக்கு அவனுக்கென்று ஒரு சின்னச் சாறன் வெட்டி வைத்தேன். அளவு பெரிதாகிப் போனதால், அடுத்த பெருநாளுக்கு ஆகும் என்று கடையிலேயே வைத்திருந்தேன். முதலாளி தெரியாமல் அதை யாருக்கோ விற்றுவிட்டார். 

உசனார்


காத்தான்குடி
30.12.1937

மருமகனுக்கு.

கேத்தல் வந்தது. அதைப் பார்த்து உங்கள் மாமி, "என்ன, தேத்தண்ணிக் கடை போடவா" என்றாள். ஆமினாவுக்கு மட்டும் கொதிக்கவைத்தோம். இப்போது அந்தக் கேத்தல் அடுப்பை விட்டு இறங்குவதே இல்லை. ஏன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உட்கார்ந்து வெகுநேரமாகிறது.

பெருநாள் கழித்து ஒரு காலையில் ஜெமீலா கிணற்றடியில் நின்று கூப்பிட்டாள். "வாப்பா, இஞ்ச வாங்க. இந்த வாளியிலயா சாயம் கரைச்ச?"

"இல்லகா, நான் ஏன் உன்ட வாளிய எடுக்கிற" என்றேன்.

வாளியை மணல் போட்டுத் தேய்த்துவிட்டு மறுபடி அள்ளி, வெள்ளைப் பீங்கானில் ஊற்றினாள். மெல்லிய சிவப்பு. கழுவின சிவப்புச் சாறனின் கடைசித் தண்ணீர் போல. அவள் பார்த்துவிட்டு, "கிணறும் வெத்திலை போட்டிரிக்கி" என்று சிரித்தாள். சாலிஹ் போனபிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, மருமகன். எந்தப் பகிடிக்கும் முதல் ஆளாகச் சிரிக்கிறவன் நான்.

ஒழுங்கையில் ஊற்றியது மழையோடு வந்திருக்கும் என்று மனதுக்குச் சொன்னேன். மனம் கேட்கவில்லை. என்னிடம் ஒரு தகரம் நிறைய நீலச் சாயம் கிடந்தது. இந்தக் குறிச்சியில் நீலம் தோய்க்கிறவன் வேறு எவனும் இல்லை. ஆண்கள் மத்தியானம் லுஹர் தொழப் போயிருந்த நேரம் பார்த்து அதைக் கெட்டியாகக் கரைத்து நஸீறாவின் குழியில் ஊற்றினேன். ஒரு சொட்டுக்கூட வெளியில் சிந்தவில்லை. பிறகு ஒவ்வொரு காலையும் எல்லோருக்கும் முந்திப் பீங்கானோடு கிணற்றடிக்குப் போனேன். தண்ணீர் வெளுப்பாகவே வந்தது. ஒவ்வொரு நாளும் அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன். உசனார் படித்த பிள்ளை, அவருக்கும் பிழை வரும் என்று எழுதுவதற்குச் சொற்களைக்கூட அடுக்கி வைத்துவிட்டேன்.

பிறகு நீலம் வந்தது.

முதல் தோய்ச்சலுக்குக்கூடப் போதாத நீலம். வேறு யாருக்கும் தெரிந்திராது. சாயக்காரன் கண்ணுக்குத் தெரிந்தது. வேலி மணலுக்கு மேலேதான் நிற்கிறது, மருமகன். மணலுக்குக் கீழே காணியும் இல்லை, உறுதியும் இல்லை. குழியும் கிணறும் ஒரே தண்ணீரில் நிற்கின்றன. இத்தனை வருடம் அந்த மணலில் இருந்துவிட்டு இதை அறிய எனக்கு ஒரு தகரச் சாயம் வேண்டியிருந்தது.

கபூருக்கு வந்ததும் நெருப்புக் காய்ச்சல்தான். நாட்டு மருந்துப் பரிசாரி அப்போதே சொன்னாராம். அவர் உம்மா வெளியில் சொல்லவேண்டாம் என்றாளாம். ஓம், அந்தக் கக்கூஸைத்தான் பாவித்தார்.

நான் பீங்கானைப் பிடித்துக்கொண்டு நிற்கையில் நஸீறா குடத்தோடு வேலிப் பொட்டால் வந்தாள். பீங்கானைப் பார்த்தாள்.

"வாப்பா, இது எங்கட குழிக்குள்ள நீங்க ஊத்தின நீலமா?" பீப்பாவின் உள்விளிம்பில் ஒட்டியிருந்ததை அவள் கண்டிருக்கிறாள்.

நான் பீங்கானை மணலில் கவிழ்த்தேன்.

"சாலிஹும் இந்தத் தண்ணிதானே குடிச்ச?"

குடத்தை நிரப்பாமலே கிணற்றடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் பிள்ளைத்தாச்சி. ஆறு மாதம் ஆகிறது.

ஜெமீலாவுக்கு இன்னும் சொல்லவில்லை. இங்கே சுற்றிலும் இதே கதைதான். மகளுக்கு மகள் பிரித்துப் பிரித்துக் கைக்குட்டையளவாகிப் போன வளவுகள். இப்போது கலியாணத்துக்குக் கலியாணம் கக்கூஸ் கேட்கிறார்கள், என்னைப் பார்த்துத்தான். ஊரைக் கூப்பிட்டு இந்த நீலத்தைக் காட்டினால் அவர்களுடைய பிள்ளைகள் தப்பும். காட்டினால் ஜெமீலாவுக்கும் தெரியும். தன் பிள்ளையைத் தன் தங்கச்சியின் சீதனம் கொண்டுபோனது என்று தெரிந்தபிறகு ஒரே வேலிக்கு இருபுறமும் இருவரும் எப்படி இருப்பார்கள்? நான் என்ன செய்ய? இதற்கு முன் உங்களிடம் நான் புத்தி கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

முகைதீன்பாவா


காத்தான்குடி
24.1.1938

மருமகன் அவர்களுக்கு ஸலாம்.

பதில் வரவில்லை. வராது என்றுதான் நினைத்தேன். ஆனாலும் தபால்காரன் மணியடித்தால் கொட்டிலுக்கு வெளியே வந்து நிற்கிறேன். அவன் இப்போது என்னைக் கண்டால் மணியடிக்காமலே போகிறான்.

குழிக்குள் சுண்ணாம்பு கொட்டி மணலால் மூடிவிட்டேன். கபூரின் உம்மா வந்து முற்றத்தில் நின்றாள். "கலியாணத்துக்குக் கக்கூஸ் தாறன் எண்டு சொல்லிப்போட்டு இப்ப மூடினா என்ன அர்த்தம்? நாளைக்கு வீட்டையும் மூடுவீங்களா?" நான் சொன்னேன், "மருமகன் உசனாருக்குப் பதுளைக் காத்துப் பட்டு மூளை பிசகிப் போச்சு, அவர் சொல்லித்தான் மூடுறன்" என்று. மன்னிக்கவேண்டும். அந்த நேரத்தில் வேறு பொய் அகப்படவில்லை. கபூர் ஒன்றும் பேசாமல் என் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கி மீதியை அவரே மூடினார். அவருக்கு நஸீறா சொல்லியிருக்கிறாள் என்று நினைக்கிறேன்.

பழைய கிணற்றுக்குப் பலகை போட்டாயிற்று. ஒழுங்கைப் பக்கம், எல்லாக் குழிகளுக்கும் தூரமான இடம் தறிக்கொட்டில் ஒன்றுதான். தறியைக் கழற்றினேன். கால் தொங்கவிட்டு நெய்கிற குழி அங்கே ஏற்கெனவே இருந்தது. அதையே கீழே தோண்டினோம், நல்ல தண்ணீர் வந்தது. உங்கள் மாமி எட்டிப் பார்த்துவிட்டு, "இத்தனை காலமும் காலை இதுக்கு மேலதான் தொங்கப் போட்டு இருந்தயளா" என்றாள். இரண்டு நாளில் கிணற்றுக்கு வளையக் கொட்டு இறக்கிவிடுவார்கள். தறியை வேறு எங்கே போடுவது என்று இன்னும் தெரியவில்லை. நாங்கள் ஜெமீலாவின் விறாந்தையில் படுக்கிறோம். அவளுக்கு நாங்கள் பாரமில்லை. எனக்குத்தான் அந்தக் கூரைக்குக் கீழே நித்திரை வருவதில்லை.

ஆத்தங்கரைப் பக்கம் வளவின் கடைசி மூலையில் புதிதாக ஒரு கக்கூஸ் கட்டியிருக்கிறேன். பக்கத்தில் கிணறு எதுவும் இல்லை. மண்ணைக் கொத்திப் பார்த்துத்தான் இடம் எடுத்தேன். ஆனால் நஸீறா அதற்குள் போவதில்லை. விடியுமுன் இருட்டில் தாழம்பற்றைக்குப் போகிறாள், அந்த வயிற்றோடு. ஒரு நாள் சேற்றில் வழுக்கி விழுந்து முழங்கை உரிந்து வந்தாள். நான் சொன்னால் தலையை ஆட்டுகிறாள், மறுநாளும் போகிறாள். சோறும் சரியாக இல்லை. வேலிப் பொட்டைத் தென்னோலைக் கிடுகு வைத்துக் கட்டியிருக்கிறாள்.

நேற்று ஜெமீலா என்னிடம் கேட்டாள். "நஸீறா ஏன் வாப்பா என்னோட பேசுறாள் இல்ல? புள்ளத்தாச்சி, புள்ள செத்தவள்ற முகத்தில முழிக்கப் பயப்புடுறாளா? நான் ஒண்டும் கோபமில்ல எண்டு சொல்லுங்க."

நான் போய் அதைச் சொன்னேன். சொன்னதும் நஸீறா அடுப்படிக் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு நல்ல சொல் கொண்டுபோய் இப்படியும் வெட்டலாம் என்று எனக்கு இதற்கு முன் தெரியாது.

மருமகன், நீங்கள் வந்து ஜெமீலாவையும் ஆமினாவையும் கூட்டிப் போங்கள். நான் தடுக்கமாட்டேன். ஊர் என்ன பேசினாலும் பேசட்டும். உங்களுக்கு என்மேல் உள்ள கோபம் உங்களோடு இருக்கட்டும், அதைக் குறைக்கச் சொல்லி நான் எழுதவில்லை. நஸீறாவுக்கு மட்டும் என்ன சொல்வதென்று எழுதுங்கள். என் வாயில் இருந்து வரும் எந்தச் சொல்லையும் அவள் நம்புகிற மாதிரி இல்லை.

முகைதீன்பாவா


பதுளை
3.2.1938

மாமாவுக்கு ஸலாம்.

நீலத்தைப் பற்றி நீங்கள் எழுதிய கடிதம் வந்த அன்றைக்கே பதில் எழுதினேன். நல்லவேளையாகத் தபாலில் போடவில்லை. இப்போது அதைக் கிழித்துவிட்டேன். உங்களைப் போல அடுப்பில் போட்டேன்.

உங்களை மன்னித்தேன் என்று எழுதக் கை வரவில்லை. நீங்களும் கேட்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதத்தை எழுத முடிகிறது.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் வாறேன். ஜெமீலாவுக்கு நீங்கள் ஒன்றும் சொல்லவேண்டாம். நான் சொல்கிறேன். அவள் அழுதாலும் அடித்தாலும் என்னை அடிக்கட்டும். போவதா இருப்பதா என்பதை அதற்குப் பிறகு அவளே சொல்லட்டும். அவள் இருப்பதென்றால் நானும் அந்தக் கடப்பைத் தாண்டி வருவேன். கடப்படியில் அன்றைக்குச் சொன்னதை நான் மறக்கவில்லை. அதை விழுங்கிக்கொள்கிறேன்.

அவளுக்குச் சொன்ன பிறகு ஊரைக் கூப்பிடுங்கள். யார் தன் குழியில் ஊற்றச் சம்மதிக்கிறாரோ அவர் குழியில் நீலத்தை ஊற்றிக் காட்டுவோம். ஏன் இதெல்லாம் என்று கேட்டால் என் மகன் பெயரை நானே சொல்கிறேன். நீங்கள் சொல்லத் தேவையில்லை. எனக்கு மூளை பிசகிவிட்டது என்று நீங்கள் பரப்பியதும் உதவும், கொஞ்சம் இரங்கியாவது கேட்பார்கள்.

கீழே எழுதுவது நஸீறாவுக்கு. ஜெமீலா இல்லாத நேரம் கூப்பிட்டு வாசித்துக் காட்டுங்கள். குசினிக் கதவைச் சாத்தினால் கதவுக்கு வெளியில் நின்று வாசியுங்கள்.

நஸீறா,

மச்சான் எழுதுகிறேன். இனி இருட்டில் ஆத்தங்கரைக்குப் போகவேண்டாம். மூலையில் வாப்பா கட்டியிருக்கிற கக்கூஸுக்கே போ. உன் பிள்ளைக்கு ஒன்றென்றால் இந்த வீடு தாங்காது, நானும் தாங்கமாட்டேன். வேலியில் கட்டிய கிடுகை அவிழ்த்துவிடு. உன் ராத்தா ஜெமீலா அந்தப் பொட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

சாலிஹ் காய்ச்சலில் கிடந்தபோது ஜெமீலா சோர்ந்து விழுந்துவிட்டதாகவும், நீதான் அவனை இடுப்பை விட்டு இறக்காமல் வைத்திருந்ததாகவும் கத்தத்துக்கு வந்தபோது எனக்குச் சொன்னார்கள். "சாச்சி, தண்ணி" என்று அவன் கேட்கக் கேட்க நீதான் பருக்கினாயாம். அந்தத் தண்ணீரை என் கையால் கொடுத்தேனே என்று இப்போது நீ நினைத்துக்கொண்டு இருப்பது எனக்குத் தெரியும். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டு இருந்தேன், வேறு விதமாக.

பிள்ளைக்குத் தாகம் எடுத்தது. நீ கொடுத்தாய். அவனுடைய வாப்பா நான் பதுளையில் இருந்தேன், நீ அங்கே இருந்தாய்.

உசனார்